தாம்பரம் வரை ஓடிய மின்சாரம் மருதானைக்கு ஏன் வரவில்லை?

இலங்கையின் புகையிரதப் பாதைகளை மின்மயமாக்குவது எப்போது என்று எவரேனும் கேட்டால், ஆட்சிபீடத்தில் இருப்போர் எக்கட்சியினராயினும் ஒரே பாடத்தையே ஒப்புவிக்கின்றனர். நாடு சிறியது, பணம் இல்லை, பிரயாணிகள் போதாது, மின்சாரம் போதாது, ஆய்வு நடைபெறுகிறது. ஐந்து காரணங்களையும் ஒரே மூச்சிற் சொல்பவருக்கு அவற்றுள் ஒன்றிலேனும் நம்பிக்கை இல்லை என்று கொள்வதே சட்டத்தரணிகளின் வழக்கம். “நான் கடன் வாங்கவேயில்லை, வாங்கியதையும் தீர்த்துவிட்டேன்” என்று ஒரே மறுமொழியிற் கூறும் பிரதிவாதியைப் புதுக்கடை நீதிமன்றங்களில் நாம் நாள்தோறும் காண்கிறோம். அத்தகைய பிரதிவாதியை என்ன செய்வது என்பதும் நமக்குத் தெரியும். ஒரு நல்ல சாட்சியைக் கூண்டில் ஏற்றினாற் போதும்.

அச்சாட்சியைத் தேடி ஐரோப்பாவுக்கோ யப்பானுக்கோ போகவேண்டியதில்லை. பாக்கு நீரிணையைக் கடந்தாற் போதும். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 29 கிலோமீற்றர் செல்லும் மின்சார ரயில் பாதை 1931 ஆம் ஆண்டு முதல் அங்கே நின்று சாட்சி கூறிக்கொண்டிருக்கிறது. எம்மவருக்கு அஃது அந்நியமான பாதையுமன்று. 1914 ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட நாள்முதல் 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த நாள்வரை, தலைமன்னாரிற் கப்பலேறி அக்கரையில் இறங்கிய யாழ்ப்பாணத்து மாணவனும், கொழும்பு வியாபாரியும், மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியும் ‘போட் மெயில்’ வண்டியிற் சென்னை எழும்பூரை அடைவதற்குமுன் கடைசியாகக் கடந்தது இந்தத் தாம்பரப் பாதையைத்தான். பக்கத்துத் தண்டவாளத்திற் புகையும் கரித்தூளுமின்றி ஒரு வண்டி ஓடுவதை அவர்கள் சன்னல் வழியே பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் அதனை வியந்து பேசினார்கள். வியந்ததோடு சரி.

இதனை எழுதுபவன் பிற்காலத்தவன். 1990களிற் போரினால் இடம்பெயர்ந்து பல்லாவரத்தில் வாடகை வீடொன்றில் ஒதுங்கிய குடும்பத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கும், பதிவுக் காரியங்களுக்காகப் பட்டணத்துக்கும் அந்த மின்சார ரயிலே எமக்குக் கால். மாதச் சீட்டுக்குக் கொடுத்த பணம் அகதிக் குடும்பத்துக்கும் தாங்கக்கூடியதாக இருந்தது. நிலையப் படிகளில் நான் ஓடும்போதெல்லாம் அம்மா பின்னாலிருந்து கூப்பிடுவார்: “ஓடாதை மோனை, அடுத்தது வருமெல்லே.” வந்தது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் வந்தது. இன்று வெள்ளவத்தை நிலையத்திற் காலையில் நிற்கும் எந்தத் தாயும் தன் பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொல்லத் துணியமாட்டாள். வழக்கின் சாரம் முழுவதும் இந்த வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

கம்பனி செய்த காரியம்

தாம்பரப் பாதையை மின்மயமாக்கியது மக்களாட்சியுமன்று, பொதுவுடைமை அரசுமன்று. இலண்டனிற் பங்குதாரரும் திருச்சிராப்பள்ளியிற் தலைமைக் கந்தோரும் வைத்திருந்த தென்னிந்திய ரயில்வேக் கம்பனி அதனைச் செய்தது. தர்மத்துக்காகச் செய்ததென்று எவரும் மயங்கவேண்டா. புறநகர்ப் பிரயாணியிடமிருந்து இலாபம் பெற எண்ணிய வெள்ளைக் கம்பனி அது. 1928 ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. 1931 ஏப்ரில் 2 ஆம் நாள் சென்னைக் கவர்னர் சேர் ஜோர்ஜ் ஸ்ரான்லி அதனைத் தொடக்கிவைத்தார். மே 11 ஆம் நாளிலிருந்து பொதுமக்களுக்கான சேவை ஓடிற்று. இந்தியாவின் முதல் மின்சார ரயில் பம்பாய் விக்ரோறியா நிலையத்திலிருந்து குர்லாவுக்கு 1925 பெப்ரவரி 3 ஆம் நாள் புறப்பட்டு ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன.

காலத்தைக் கவனியுங்கள். 1929 இல் வெடித்த பொருளாதார மந்தம் உலகெங்கும் ஆலைகளை மூடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. பணம் பெருகிக் கிடந்த வேளையிற் செய்யப்பட்ட வேலையன்று.

பாதையைக் கவனியுங்கள். அது மீற்றர்ப் பாதை. அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீற்றர் மாத்திரமே. இலங்கையின் பிரதான பாதைகளோ வெள்ளையன் காலத்திலிருந்தே ஐந்தரை அடி அகலப் பாதைகள். சிறிய பாதையிற் சிறிய வண்டியை மின்சாரத்தால் ஓட்டமுடிந்தது. பெரிய பாதை வைத்திருந்தவர்கள் “நாம் சிறியவர்கள்” என்று கைகட்டி நின்றார்கள்.

மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். சென்னைக்கு அருகே அருவியுமில்லை, நிலக்கரிச் சுரங்கமுமில்லை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இலும் மேட்டூர் நிலையம் 1937 இலுமே இயங்கத் தொடங்கின. பட்டணத்துக்கு விளக்குக் கொடுத்துவந்த தனியார் மின்சாரக் கம்பனி, எங்கிருந்தோ வந்த கரியை எரித்து உண்டாக்கிய மின்வலுவிலேயே தாம்பரம் வண்டிகள் ஓடின. மின்சாரம் மிஞ்சிய பிறகு ரயிலைப் பற்றி யோசிப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பெரிய வாடிக்கைக்காரன் ஒருவன் வந்தால் மின்நிலையம் தானே வளரும் என்பது வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது. நம் திட்ட அமைச்சுகளுக்கு அது தெரிய இன்னும் நாள் இருக்கிறது.

புறநகர்ச் சேவைக்கு மின்சாரம் ஏன் வேண்டும் என்பதைச் சிறிது விளக்கவேண்டும். எமது அரசியல்வாதிகள் இதனைப் புகைக்கும் சத்தத்துக்கும் மாற்றான அலங்காரமென்றே கருதுகின்றனர். காரியம் வேறு. நீண்டதூர வண்டிக்கு ஓட்டவேகமே பெரிது. புறநகர் வண்டிக்கோ புறப்படும் வேகமும் நிற்கும் வேகமுமே உயிர். ஒன்றிரண்டு கிலோமீற்றருக்கு ஒரு நிலையம் வருகிறது. ஒவ்வொன்றிலும் நின்று, மீண்டும் அசைந்து, வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடுகிறது. ஒரு தனி இஞ்சின் முன்னால் நின்று பத்துப் பெட்டிகளை இழுக்கும்போது ஒவ்வொரு புறப்பாட்டிலும் நேரம் கரைகிறது. மின்சாரத் தொடர்வண்டியிலோ மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளன. வலு மேலேயுள்ள கம்பியிலிருந்து வருவதால் எரிபொருளைச் சுமக்கும் பாரமில்லை. இரு முனைகளிலும் சாரதியின் அறை இருப்பதால், கடைசி நிலையத்தில் இஞ்சினைக் கழற்றி மறுமுனையிற் பூட்டும் வேலையில்லை. சாரதி நடந்துபோய் அடுத்த முனையில் உட்கார்ந்தாற் போதும். நிலையத்துக்கு நிலையம் மிஞ்சும் ஒவ்வோர் அரை நிமிடமும் சேர்ந்து அதே தண்டவாளத்தில் இன்னொரு வண்டிக்கு இடங்கொடுக்கிறது. புதிய பாதை போடாமலே பாதையின் கொள்ளளவு கூடுகிறது. நிலமெடுக்க இடமில்லாத கொழும்புக்கு இதைவிட மலிவான வழி யாது?

டீசலில் ஓடும் தொடர்வண்டிகளிலும் இரு முனைகளிற் சாரதி அறை உண்டே என்று சிலர் கூறலாம். உண்டு. ஆயினும் ஒவ்வொரு தொடரும் தன் மின்நிலையத்தைத் தன் முதுகிலேயே சுமந்து திரிகிறது. கம்பி வழியே வரும் வலுவைப் போல வேண்டும்போது மிகுதியாக இழுத்து விரைந்து புறப்பட அதனால் இயலாது.

பாதை வந்ததும் ஊர் வளர்ந்த கதை சென்னையில் எல்லாரும் அறிந்தது. ஏரியாயிருந்த மாம்பலம் கடைத்தெருவாயிற்று. கோடம்பாக்கம் சினிமாத் தலைநகராயிற்று. பட்டணத்து நெரிசலிலிருந்த கிறிஸ்தவக் கல்லூரி 1937 இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அக்கல்லூரியிற் கற்றுத் திரும்பிய எம்மவர் எத்தனைபேர்! 1949 இற் குரோம்பேட்டையிற் சென்னைத் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. பட்டணத்தில் வேலை, புறநகரிற் குடியிருப்பு என்ற வாழ்வு இலிகிதருக்கும் ஆசிரியருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் கைகூடிற்று. பட்டணத்து நடுவிற் குடியிருக்க வாடகை கொடுக்கமுடியாதவனுக்குப் பட்டணத்தில் உரிமை கொடுத்தது அந்தக் கம்பியே.

வெள்ளைக் கம்பனி போனபிறகு நடந்தது இன்னும் முக்கியம். 1944 இல் அரசாங்கம் பாதையைப் பொறுப்பேற்றது. 1951 இல் அது தெற்கு ரயில்வேயின் அங்கமாயிற்று. 1960களில், 1500 வோல்ற்று நேர்மின்சாரம் பழையதாகிவிட்டது என்று கண்டதும், 25,000 வோல்ற்று மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள். தாம்பரத்துக்கு அப்பால் விழுப்புரம்வரை கம்பியை நீட்டினார்கள். மீற்றர்ப் பாதை போதாதென்று கண்டதும் அகலப் பாதையாக்கினார்கள். 2004 யூலை 1 ஆம் நாளோடு அங்கே மீற்றர் மின்சார வண்டி விடைபெற்றது. 1995 இற் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு உயர்பாதை வந்தது. 2015 இல் மெட்ரோ வந்தது. மின்வலுவின் வகை மாறிற்று, தண்டவாளத்தின் அகலம் மாறிற்று, ஆட்சி பலமுறை மாறிற்று. இனி டீசல் போதும் என்று ஒருவரும் பின்வாங்கவில்லை.

சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்யாமல் விடுவது முறையன்று. சென்னை ரயில் சொர்க்கமன்று. கூட்ட வேளையிற் பெட்டிக்குள் மூச்சு விட இடமிராது. 2018 யூலையிற் பரங்கிமலை நிலையத்தில், வாசலில் தொங்கிச் சென்றவர்கள் சுவரில் மோதி மாண்டனர். உயர்பாதை திட்டமிட்ட காலத்தைவிட எவ்வளவோ பிந்தியே வேளச்சேரியை அடைந்தது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அங்கே குறை கூறுகின்றவன், இருக்கின்ற மின்சார ரயில் போதாதென்று குறை கூறுகிறான்.

நம்மிடம் இல்லாதிருந்தது என்ன?

மின்சார வண்டி கொழும்புக்குப் புதுமையா? 1895 இற் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1899 இல், கொழும்பிலும் ஓடிற்று. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொறளைக்கும் தண்டவாளம் கிடந்தது. அந்த டிராம்களின் வரலாறு தொழிலாளர் வரலாறுமாகும். 1929 ஆம் ஆண்டின் டிராம் வேலைநிறுத்தமும், அப்போது மருதானையிற் சிந்திய இரத்தமும் இந்நாட்டுத் தொழிற்சங்கங்கள் மறக்கக்கூடியவையல்ல. 1953 இல் மேற்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ்ஸும் வந்தது. பின்னர் நடந்ததென்ன? 1960 இல் டிராம் நின்றது. 1964 இல் ட்ரொலி பஸ் நின்றது. 1899 இல் இருந்ததைக்கூடக் காப்பாற்றத் தெரியாதவர்கள், மின்சார ரயில் இந்நாட்டுக்குப் பொருந்தாதென்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள்.

மின்வலு இல்லையென்ற கதையையும் பார்ப்போம். 1918 ஆம் ஆண்டிலேயே டி. ஜே. விமலசுரேந்திரா என்ற பொறியியலாளர், இலங்கையின் அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு எழுதிப் படித்தார். சுதேசி சொன்ன கணக்கு என்பதாற் போலும், அது மேசையிலேயே உறங்கிற்று. வேலை தொடங்குவதும் நிற்பதுமாக ஆண்டுகள் கழிந்தன. சேவையிலிருந்து வெளியேறிய அவர் 1931 இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கிருந்து வாதாடினார். அதே 1931 இற்றான் அக்கரையிற் கரிமின்சாரத்தில் தாம்பரம் வண்டி ஓடத்தொடங்கிற்று. அருவியற்றவர்கள் வண்டியை ஓட்டினார்கள். அருவி உடையவர்கள் அறிக்கை எழுதினார்கள். லக்ஷபான நிலையம் முதன்முதலாக மின்சாரம் கொடுத்தது 1950 ஆம் ஆண்டின் இறுதியில். 25,000 கிலோவாற்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் தாமதம்.

வந்த மின்சாரத்திலும் ஒரு கொடுமை கலந்திருந்தது. எந்த மலைகளின் மழைநீர் அந்தச் சுழலிகளைச் சுழற்றிற்றோ, அந்த மலைகளின் தோட்ட லயன்களில் பல தசாப்தங்கள் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. தலைக்குமேல் உயரழுத்தக் கம்பி கொழும்புக்குச் சென்றது. கொழும்பிலேனும் அது ஏழைத் தொழிலாளியை வேலைக்கு ஏற்றிச் சென்றதா? இல்லை. இன்றுவரை இந்நாட்டுப் புகையிரதப் பாதையில் ஒரு மைலேனும் மின்மயமாகவில்லை.

நம் அரசகரும மொழியில் ரயிலுக்குப் பெயர் ‘புகையிரதம்’. நீராவி இஞ்சின் போய் எத்தனையோ காலமாகியும் பெயர் மாறவில்லை. பெயருக்கேற்ற புகையைக் கைவிடாமல் காத்துவரும் வாய்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

டீசலின் கதை

டீசலைக் கொண்டுவந்தவர்களை நாம் பழிக்கவில்லை. 1953 இற் பிரித்தானிய இஞ்சின்கள் வந்தன. அடுத்த ஆண்டுமுதற் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவின் இஞ்சின்கள் வந்தன. பி. டி. றம்பல போன்ற திறமையாளர் அவற்றைக்கொண்டு சேவையைச் செப்பனிட்டனர். 1956 இல் யாழ்தேவி ஓடத்தொடங்கிய காலத்தில் அந்த வண்டிகள் ஆசியாவில் எவருக்கும் தலைகுனியவேண்டாதவையாக இருந்தன. கரியிலிருந்து டீசலுக்கு மாறியது அக்காலத்துக்கு முன்னேற்றமே. அந்தப் படியிலேயே எழுபது ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டதுதான் குற்றம்.

அக்குற்றத்தின் விலையை 2022 இல் நாம் எல்லோரும் செலுத்தினோம். அந்நியச் செலாவணி வற்றிற்று. ஏப்ரில் மாதத்தில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அரசாங்கம் கைவிரித்தது. எரிபொருள் நிலையங்களில் மக்கள் நாட்கணக்கிற் காத்து நின்றனர். யூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் இல்லையென்று அறிவித்தனர். பஸ்கள் அருகின, ரயில்களின் கூரையிலும் மனிதர் ஏறினர். அந்நாட்களிலே கோட்டைக்கும் பாணந்துறைக்கும் இடையே ஒரு மின்சாரச் சேவை இருந்திருந்தால்!

உடனே எதிராளி எழுந்து, “அதே ஆண்டில் மின்சாரமும் தடைப்பட்டதே, ஒருநாளிற் பதின்மூன்று மணித்தியாலம் இருள் கவிந்ததே” என்பார். நியாயமான கேள்வி. மின்சாரம் ஏன் தடைப்பட்டது? அனல்நிலையங்களுக்கு வாங்க எண்ணெய் இல்லை, நீர்த்தேக்கங்களும் தாழ்ந்திருந்தன. எண்ணெயில் தங்கிய மின்சாரம் எண்ணெயோடு விழுந்தது என்பதே அதன் பொருள். மின்சாரத்தை நீரிலிருந்து எடுக்கலாம், காற்றிலிருந்து எடுக்கலாம், வெயிலிலிருந்து எடுக்கலாம், கரியிலிருந்தும் எடுக்கலாம். மன்னாரில் 2020 இலிருந்து அரசின் காற்றாலைகள் சுழல்கின்றன. டீசல் இஞ்சினுக்கோ டீசலைத் தவிர வேறு உணவில்லை. அந்த உணவு இந்நாட்டு மண்ணில் விளைவதுமில்லை. நெருக்கடியில் உள்ள மின்சாரத்தை மருத்துவமனைக்கு முதலிலும் ரயிலுக்கு அடுத்ததாகவும் பங்கிட அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. இல்லாத டீசலைப் பங்கிட எந்தச் சட்டத்திலும் அதிகாரம் இல்லை.

பணமில்லையென்ற வாதத்துக்கு வருவோம். 2011 இல் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. 2013 இற் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. 2019 இல் மாத்தறையிலிருந்து பெலியத்தைக்குப் புதிய ரயில் பாதை திறக்கப்பட்டது, அதுவும் டீசலுக்கே. எல்லாம் வெளிநாட்டுக் கடன். கடன் வாங்க மனமிருந்தது. வாங்கிய கடனை நாள்தோறும் நின்றுகொண்டு பிரயாணஞ் செய்பவனுக்குச் செலவிட மனமில்லை. கோட்டையிலிருந்து மாலபேக்கு இலகு ரயில் அமைக்க யப்பான் 0.1 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்தது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி, வேலையும் ஆரம்பமாகிய பின்னர், 2020 செப்ரெம்பரில் அன்றைய சனாதிபதியின் ஆட்சி அதனை நிறுத்திற்று. செலவு அதிகமென்பது சொல்லப்பட்ட காரணம். அதற்கடுத்த பத்தொன்பது மாதங்களில் நாடே முறிந்தது. அந்த வட்டியில் இனியொரு கடன் எவர் தருவார்?

இன்னொரு சாட்சியத்தையும் பதிவு செய்வோம். சென்னை பெரம்பூரில் 1955 முதல் ஒரு ரயில்பெட்டித் தொழிற்சாலை இயங்குகிறது. இந்தியப் புறநகர்களில் ஓடும் மின்சாரத் தொடர்வண்டிகள் பல அங்கே உருவானவை. 2010களில் இலங்கையும் அதே தொழிற்சாலையிலிருந்து தொடர்வண்டிகளைத் தருவித்தது. என்ன வண்டிகள்? டீசல் வண்டிகள்! அங்குள்ள அகலப் பாதையும் ஐந்தரை அடி, எம் பாதையும் ஐந்தரை அடி. ஒரே கூரையின்கீழ் அவர்கள் ஊருக்கு மின்சார வண்டியும், எங்கள் கட்டளைக்கு டீசல் வண்டியும் வார்க்கப்பட்டன. கடையில் இரண்டும் இருக்க, நாமே கேட்டு வாங்கியது இது.

பாணந்துறை வரைக்கும்

நாடு முழுவதும் ஒரே நாளிற் கம்பி கட்டவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. மருதானையிலிருந்து கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, மொறட்டுவை ஊடாகப் பாணந்துறை வரையுள்ள பாதையின் தூரம், கடற்கரை–தாம்பரத் தூரத்துக்கு ஏறத்தாழச் சமம். இரட்டைப் பாதை ஏற்கெனவே கிடக்கிறது. நிலையங்கள் நெருங்கி நிற்கின்றன. பக்கத்திலே காலி வீதி, பஸ்ஸும் காரும் நகரவொண்ணாமற் திணறிக் கிடக்கிறது. பிரயாணி போதாது என்பவர், காலை ஏழரை மணிக்கு மொறட்டுவை மேடையில் வந்து நின்று அந்த வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

கடலோரப் பாதையில் உப்புக்காற்று கம்பியை அரிக்கும் என்ற தொழில்நுட்ப வாதம் ஒன்று உண்டு. இதனை நாம் இலேசாகத் தள்ளவில்லை. கரையோரத்திற் பராமரிப்புச் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் பம்பாயின் சேர்ச்கேற் பாதையும் கடலோரத்திலேயே தொடங்குகிறது. 1928 முதல் அது மின்சாரத்தில் ஓடுகிறது. உப்பு, தண்டவாளத்தையும் டீசல் வண்டியின் தகட்டையும் இப்போதும் அரிக்கத்தான் செய்கிறது. கரையோரம் வேண்டாமென்றால் வேயங்கொடைப் பக்கம் தொடங்குங்கள். அங்கே கடலுமில்லை, காரணமுமில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நம் வாசகர் சிலர் இவ்வளவும் படித்துவிட்டு, கொழும்பு ரயிலைப் பற்றி எமக்கென்ன என்று கேட்கக்கூடும். 1990 இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் ரயிலின்றி இருந்தவர்களிடம் தெகிவளைப் பிரயாணிக்காக அழச் சொல்வது அதிகமாகத் தோன்றலாம். ஆயினும் புகையிரதத் திணைக்களத்தின் நட்டம் கொழும்பான் தலையில் மாத்திரம் விழுவதில்லை. முல்லைத்தீவில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்குகின்றவளின் வரியிலும் அது இருக்கிறது. டீசலுக்குச் செல்லும் ஒவ்வொரு டொலரும் மன்னார் மீனவனின் மண்ணெண்ணெயிலிருந்தும் வன்னி விவசாயியின் உரத்திலிருந்தும் கழிக்கப்படுகிறது. அன்றியும் கோட்டை நிலையத்தில் அந்தி வேளையில் முண்டியடிக்கும் கூட்டத்தில், வெள்ளவத்தைக்கும் தெகிவளைக்கும் திரும்பும் நம் பிள்ளைகள் எத்தனைபேர் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கூட்டத்திற் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றி எல்லோருக்கும் ஒரே அளவான இடமே கிடைக்கிறது. அதாவது, ஒற்றைக் காலை ஊன்றுமளவு.

எஞ்சி நிற்பது ஐந்தாவது காரணம்: ஆய்வு நடைபெறுகிறது. நடைபெற்றது என்பது உண்மையே. பாணந்துறை, வேயங்கொடை என்ற பெயர்கள் ஆண்டாண்டாக அறிக்கைகளில் வந்துபோகின்றன. கடந்த பத்தாண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடும் கொழும்புப் புறநகர் ரயிலைப் பற்றி ஆராய்ந்தார்கள். இவ்வறிக்கைகளில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை கோடி செலவானது, எந்த மந்திரியின் மேசையில் எது எப்போது நின்றது என்பதை அறிய நமக்கு உரிமை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதனை எழுத்தில் தந்திருக்கிறது. எந்தப் பிரசையும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அதிகாரிக்கு உரிமையில்லை. கொடுப்பதா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு வேலைநாட்களுக்குள் அவர் அறிவித்தாகவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு.

ஆகவே இவ்வாரமே ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். புகையிரதத் திணைக்களத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதுங்கள். மூன்று விடயங்கள் போதும்: 1948 முதல் இன்றுவரை ரயில் மின்மயம் குறித்துத் திணைக்களம் பெற்ற ஆய்வறிக்கைகளின் பட்டியலும் பிரதிகளும், ஒவ்வொன்றுக்கும் செலவான தொகை, ஒவ்வொன்றும் கைவிடப்பட்ட திகதியும் அதற்குப் பதிவேட்டில் எழுதப்பட்ட காரணமும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வரும் மறுமொழிகளின் பிரதிகளை எமக்கு அனுப்பினால், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இப்பத்திரிகையில் அச்சிடுவோம்.